ஈச்சந்தாங்கலுக்கு எத்தனை மதகு

"மேரி, இத ஒரு தரம் படி. ரொம்பக் காரமா கீதான்னு பாரு" என்றார் என் வீட்டுக்காரர், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடி.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணி. இட்லி ஆறிக்கொண்டிருந்தது. நான் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் நின்று படித்தேன். திரையில் இப்படி இருந்தது: "மூன்றாவது மதகு இல்லவே இல்லை என்று சொல்லும் நண்பர் கரைவாசிக்கு. பத்து வயதில் அந்த மதகுக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டவன் நான். வெளியே இழுக்க நாலு பேர் வேண்டியிருந்தது. என் மண்டையே சான்று."

"காரமெல்லாம் இல்ல. மண்டை எதுக்கு நடுவுல?"

"உண்மதானே?"

"உண்மதான். சாப்பிட வாங்க."

"ஒரு நிமிஷம். சேமிச்சிட்டு வந்துடறேன்."

சேமித்தார். மூன்று இட்லி சாப்பிட்டார். நாலாவதைத் தட்டில் வைத்தபோது கையால் மறைத்தார். மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் போடப் பின்பக்கம் போனார். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. தொட்டி நிரம்பி, சன்னல் மேல் வழிந்து, அப்போதும் மோட்டார் நிற்கவில்லை. "நிறுத்துங்க, வழியுது!" என்று இரண்டு முறை கத்தினேன். பிறகு போய்ப் பார்த்தேன்.

அதைப் பற்றி இதற்கு மேல் எழுதப்போவதில்லை. நான் எழுத உட்கார்ந்தது அதற்குப் பிறகு வந்த பன்னிரண்டு நாட்களைப் பற்றி. வெளியே சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பன்னிரண்டு நாளின் கடைசி நாலு நாளில் எனக்கு இருந்த படபடப்பும் உற்சாகமும் என் கல்யாணத்தின்போதுகூட இருந்ததில்லை.

என் வீட்டுக்காரர் பெயர் ஆரோக்கியசாமி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டூல்ரூமில் முப்பத்து நாலு வருஷம் வேலை. நூறில் ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் பாகத்தைத் தூக்கிப் போடுகிற வேலை. மனிதரும் அப்படித்தான். ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம், யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியம் ஒன்று இருப்பதை மகள் ஜாஸ்லின் காட்டிக்கொடுத்தாள். அவ்வளவுதான், மேனாம்பேட்டில் எங்கள் வீட்டு முன்னறை ஆபீஸ் ஆகிவிட்டது. 'டூல்ரூம்சாமி' என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். இந்தப் பக்கத்து ஏரி, குளம், தாங்கல் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு கட்டுரையாக எழுதினார். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு.

ஒரு விசித்திரமான பழக்கம் அவருக்கு. மூன்று சொல் எழுதுவார், சேமிப்பார். இன்னும் மூன்று சொல், சேமிப்பார். எங்கள் தெருவில் எந்த நேரத்தில் கரண்ட் போகும் என்று தெரியாது. ஒரு முறை முழுக் கட்டுரையும் போய்விட்டதில் பிடித்த பயம். அங்கே ஒவ்வொரு சேமிப்பும் 'வரலாறு' என்ற பக்கத்தில் நேரத்தோடு பதிவாகும். அவர் எழுதிய கட்டுரைகளின் வரலாற்றைப் பார்த்தால் தறி ஓடினது மாதிரி இருக்கும்.

ஈச்சந்தாங்கல் நூம்பலுக்குப் பக்கத்தில், அவர் பிறந்து வளர்ந்த இடத்தை ஒட்டிய சின்ன ஏரி. "இதற்கு மூன்று மதகுகள் உண்டு" என்று எழுதியிருந்தார். ஜூலை கடைசியில் 'கரைவாசி' என்ற ஆள் வந்து, மூன்றை அழித்து இரண்டு என்று போட்டார். இவர் மறுபடி மூன்று. அவர் மறுபடி இரண்டு. ஒருவர் மாற்றியதை இன்னொருவர் பழையபடி ஆக்குவதற்கு அங்கே மீளமைத்தல் என்று பெயர். ஒரே நாளில் மூன்று முறைக்கு மேல் செய்தால் குற்றம். இரண்டு பேரும் மூன்றோடு நிறுத்திக்கொண்டு, நடுராத்திரி தேதி மாறினதும் மறுபடி ஆரம்பிப்பார்கள். சின்னப் பிள்ளைகள் தோற்றார்கள்.

கடைசியில் கரைவாசி கட்டுரைக்கான உரையாடல் பக்கத்தில் எழுதினார்: "சான்று இல்லாமல் கட்டுக்கதை சேர்ப்பதே இந்தப் பயனரின் வழக்கம்போலத் தெரிகிறது. இவருடைய மற்ற கட்டுரைகளையும் சோதிக்க வேண்டும்."

கட்டுக்கதை. அந்தச் சொல் அவரைச் சுட்டுவிட்டது. "முப்பத்து நாலு வருஷத்துல என் பீஸ் ஒண்ணு ரிஜெக்ட் ஆனதில்ல மேரி" என்று சாப்பிடும்போதெல்லாம் சொன்னார். அவரே நிர்வாகிகளிடம் போய்ப் பொதுக் கலந்துரையாடல் கேட்டார். பதினாலு நாள் கெடு. ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் அச்சில் வந்த சான்றோ பதிவான ஆவணமோ கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மூன்று இரண்டாகும். அதோடு அவர் எழுதிய நூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகளின் தலையிலும் 'நம்பகத்தன்மை ஐயத்துக்குரியது' என்று மஞ்சள் பட்டை ஒட்டுவார்கள். கெடுவின் மூன்றாம் நாள் காலையில்தான் அந்த மண்டை வரியை எழுதிவிட்டு எழுந்து போனார்.

ஏழாம் நாள் பூசை முடிந்தது. உறவுகள் கிளம்பின. ஜாஸ்லினும் பெங்களூருக்குப் போனாள். புதன்கிழமை மதியம் கம்ப்யூட்டர் மேல் யாரோ போட்டிருந்த துண்டை எடுத்தேன். நிறுத்தவே இல்லை போலிருக்கிறது, அதிசயமாகக் கரண்டும் போகவில்லை. மவுஸை அசைத்ததும் அந்தப் பக்கமே வந்தது. அவர் செய்வதுபோலப் பக்கத்தைப் புதுப்பித்தேன்.

அவர் வரிக்குக் கீழே கரைவாசி பதில் போட்டிருந்தார்: "மண்டை நம்பகமான மூன்றாம் தரப்பு மூலம் அல்ல."

அதற்கும் கீழே, அஞ்சு நாள் கழித்து: "டூல்ரூம்சாமி பதில் சொல்லாமல் ஒதுங்கிவிட்டார். இதிலிருந்தே தெரிகிறது."

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. ஒதுங்கிவிட்டாராம்! நான் அம்பத்தூரில் ஒரு பத்திர எழுத்தரிடம் இருபத்திரண்டு வருஷம் டைப்பிஸ்டாக இருந்தவள். ஆயிரக்கணக்கான கிரயப் பத்திரம் அடித்த கை. அவர் தட்டுத்தடுமாறி இரண்டு விரலால் எழுதுவதை நான் ஒரே மூச்சில் அடிப்பேன். உட்கார்ந்தேன். நாலு பத்தி. மதகு எங்கே இருந்தது, எந்த வருஷம் மண் மூடியது, எந்த மரத்துக்கு நேர் கிழக்கு, எல்லாம் முப்பத்தஞ்சு வருஷமாக அவர் சொல்லிக் கேட்டதை எழுதினேன். 'நான்' என்றே எழுதினேன். அவர் கணக்கு, அவர் பெயர். அடித்தேன், சேமித்தேன், ஜாஸ்லினுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"மம்மி! டாடி அக்கவுண்ட்ல நீ எழுதினியா?"

"வேற யார் எழுதுவாங்க?"

"ஐயோ, அது பெரிய தப்பு மம்மி. ஒருத்தர் கணக்க இன்னொருத்தர் யூஸ் பண்ணவே கூடாது. தெரிஞ்சா டாடிய ஃப்ராடுன்னு சொல்லிடுவாங்க."

"எப்படித் தெரியும்? அச்சு அசல் அவரு மாதிரியே எழுதியிருக்கேன்."

மறுநாள் காலை பார்த்தால் தெரிந்துவிட்டிருந்தது. கரைவாசி எழுதியிருந்தார்: "இதை எழுதியவர் டூல்ரூம்சாமி இல்லை. அவர் ஒரு பத்தி எழுத இருபது முறை சேமிப்பார். இங்கே நாலு பத்தியும் ஒரே சேமிப்பில் வந்திருக்கிறது. கணக்கு கைமாறியிருக்கிறது. நிர்வாகிகள் கவனிக்கவும்."

கோபம் வரவில்லை எனக்கு. வியப்பாக இருந்தது. முகம் தெரியாத, பெயர் தெரியாத ஓர் ஆள், என் வீட்டுக்காரர் எப்படி எழுதுவார் என்று இவ்வளவு நுணுக்கமாகக் கவனித்திருக்கிறார். சண்டைக்காரர்கள்தான் இப்படிக் கவனிப்பார்கள் போலிருக்கிறது.

உண்மையை எழுதினேன். "வணக்கம். நேற்று இங்கே எழுதியவர் ஆரோக்கியசாமி அல்ல. அவர் சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை காலை காலமானார். எழுதியது அவர் மனைவி சகாயமேரி. விதி தெரியாமல் செய்தேன். மன்னிக்கவும். அவர் ஒதுங்கவில்லை."

ஒரு மணி நேரம் போனது. பிறகு நான் அறியாத ஒருவர்: "இந்த இறப்புச் செய்திக்குச் சான்று உண்டா? கெடுவை இழுத்தடிக்க இப்படியும் செய்வார்கள்."

அதற்கு அடுத்த நிமிடமே முகமது ஆசிக் என்ற நிர்வாகி வந்தார். "பயனர் இறப்புக்கு நாம் சான்று கேட்பதில்லை. மேலே உள்ள வரியை எழுதியவரே அடித்துவிடுவது நல்லது." பத்து நிமிடத்தில் அந்த வரியின் மேல் குறுக்குக் கோடு விழுந்தது. அங்கே அதுதான் முறை. சொன்னதை அழித்துவிட்டுச் சொல்லாததுபோல இருக்கக் கூடாது. கோடு போட வேண்டும். சொன்னதும் தெரியும், திரும்ப எடுத்துக்கொண்டதும் தெரியும்.

ஆசிக் தொடர்ந்தார்: "சகாயமேரி அம்மா, எங்கள் ஆழ்ந்த இரங்கல். ஐயாவின் கணக்கை இன்று பூட்டிவிடுகிறோம். நீங்கள் உங்களுக்கென்று ஒரு கணக்குத் தொடங்குங்கள். வேண்டுமானால் கெடுவை ஒரு மாதம் தள்ளிவைக்கலாம். ஆனாலும் மதகுக்குச் சான்று தேவை."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஒன்பது நாளில் முதல் முறை. பக்கத்து வீட்டில் கேட்டிருக்கும், கேட்கட்டும். எல்லாரும் என்னிடம் 'சாப்பிடுங்க', 'படுங்க', 'அழுதுடுங்க' என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, ஒரு மனிதர் மட்டும் சான்று கேட்கிறார்.

எனக்கென்று ஒரு கணக்குத் தொடங்கி, கெடுவைத் தள்ள வேண்டாம் என்று எழுதினேன். அது அவரே கேட்டு வாங்கின தேதி.

வெள்ளிக்கிழமை பூந்தமல்லி நூலகம். சனிக்கிழமை அம்பத்தூர் நூலகம். ஏரிகளைப் பற்றி இருந்த நாலைந்து புத்தகத்திலும் நூம்பல் பக்கத்து ஊர்களில் ஈச்சந்தாங்கல் இல்லை. இன்னும் ஒரு நாள்தான். சனிக்கிழமை சாயங்காலம் உரையாடல் பக்கத்தில் கரைவாசி இரண்டு வரி எழுதியிருந்தார்: "நான் ஏரிக்கரையில்தான் குடியிருக்கிறேன். நாளை காலை வர முடியுமா? மூன்றாவது இருந்தால் நானே எழுதிவிடுகிறேன்."

எங்கள் தெரு முனையில் ஆட்டோ போடுகிற லட்சுமணனைக் கூப்பிட்டேன். அவர் சவப்பெட்டியைத் தூக்கின ஆறு பேரில் அவனும் ஒருவன்.

"இன்னாக்கா, அண்ணன் போயி ரெண்டு வாரம்கூட ஆவல. ஏரி பாக்கப் போறேன்ற?"

"ஏரி இல்ல. மதகு."

"மீன் வாங்கப் போறேன்னு சொல்லு, நம்பறேன். மதகப் பாத்துகினு இன்னா பண்ணப்போற?"

"மூணு இருக்கான்னு எண்ணணும்."

"அந்தத் தாங்கலா? என் மச்சான் ஊடு அங்கதான் கீது. ரெண்டுதான்கா. நான் எத்தினி வாட்டி போயிருக்கேன்."

"உங்கண்ணன் மூணுன்னாரு."

"அண்ணாத்தே சொன்னா..." என்று இழுத்தான். சிக்னல் வந்தது. "ஆனா ரெண்டுதான்கா."

வேலப்பன்சாவடி தாண்டி உள்ளே திரும்பினோம். ஏரிக்கரைமேல் ஒரு பெண் குடையோடு நின்றிருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. ஐ.டி. கம்பெனி அடையாள அட்டை ஞாயிற்றுக்கிழமையும் கழுத்தில் தொங்கியது. என்னைப் பார்த்ததும் குடையை மடக்கினாள், விரித்தாள், மறுபடி மடக்கினாள்.

"நான்தான் ஆன்ட்டி... கரைவாசி. ஸ்வாதி."

"நீயா? அவரு உன்ன ரிட்டயர்டு தாசில்தார்னு நெனச்சிகினு இருந்தாரு."

"நான் அவர வேணும்னே வம்பு பண்ற காலேஜ் பையன்னு நெனச்சேன்" என்றாள். சொன்னதும் அவள் கண் நிறைந்துவிட்டது. "கட்டுக்கதைன்னு எழுதினது... அன்னிக்கு ஆபீஸ்ல வேற கோவம்."

"அழறதுக்கு நேரம் இல்ல. ஆறு மணிக்குக் கெடு. வா."

கரையை முழுக்க நடந்தோம். வடக்கே ஒரு மதகு. பலகை போய்விட்டது, கல் இருக்கிறது. பஸ் நிறுத்தத்துப் பக்கம் இன்னொன்று. "ரெண்டு!" என்று லட்சுமணன் கரைக்குக் கீழேயிருந்து கத்தினான், பந்தயம் ஜெயித்தவன் மாதிரி. அவர் சொன்ன அடையாளப்படி, ஈச்ச மரங்கள் இருந்த மேட்டுக்கு நேர் கிழக்கே, மூன்றாவது இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஸ்வாதியின் அடுக்குமாடிக் குடியிருப்பின் மதில்சுவர்தான் இருந்தது. சுவர் ஓரத்தைக் குடைக் கம்பியால் குத்திப் பார்த்தோம். லட்சுமணன் ஒரு கல்லைப் புரட்டினான். அடியில் பிளாஸ்டிக் பை.

"ஒண்ணும் இல்ல ஆன்ட்டி."

நிமிர்ந்து அந்தச் சுவரையே பார்த்தேன். நேராக வந்த சுவர் அந்த இடத்தில் வில் மாதிரி வளைந்து, கொஞ்ச தூரம் அப்படியே போய், மறுபடி நேராகிறது.

"இந்தச் சுவரு ஏன் இப்டி வளையுது?"

"அதான் தெரியல. கட்டினவங்க ஏதோ கோணல் பண்ணிட்டாங்கன்னு எல்லாரும் சொல்வாங்க. என் கார் பார்க்கிங்கூட அதனால முக்கோணமா இருக்கு."

மதில்சுவரைக் காரணம் இல்லாமல் யாரும் வளைத்துக் கட்டமாட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் பத்திரங்களில் நிலத்தின் நான்கு எல்லையையும் டைப் அடித்தவளுக்கு அது தெரியாதா? நிலத்தின் எல்லை வளைந்தால்தான் சுவர் வளையும். எல்லை எதனால் வளையும்? தண்ணீரால்.

"ஸ்வாதி, ஃபிளாட் வாங்கினப்ப மூலப்பத்திரம் காப்பி குடுத்தாங்களா?"

"லோனுக்காக ஒரு பெரிய ஃபைல் குடுத்தாங்க. நான் படிச்சதே இல்ல."

"யாரும் படிக்கமாட்டாங்க. எடு அத."

நாலாவது மாடி. லிஃப்ட் ஏறுவதற்குள் அவளுக்கும் என் அவசரம் தொற்றிவிட்டது. செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. கட்டில் அடியிலிருந்து ஒரு பச்சைப் பெட்டியை இழுத்தாள். லட்சுமணனும் மேலே வந்துவிட்டான், "நானும் பாக்கறேன்" என்று. நகல்களுக்கு நடுவே 1969ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரம். கையெழுத்துப் பிரதி. மை மங்கியது. அந்த எழுத்தெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கடைசிப் பக்கத்துச் சொத்து விவரத்துக்கு நேராகப் போனேன்.

"அகரமேடு கிராமம்... புஞ்சை... இதுக்கு எல்லையாவது, மேற்கே ஈச்சந்தாங்கல் ஏரிக்கரை..."

"சரி, சரி, அடுத்தது?"

"தெற்கே வண்டிப்பாதை. கிழக்கே இன்னொருத்தர் நிலம். வடக்கே..." அங்கே நிறுத்தினேன். மறுபடி படித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தேன்.

"இன்னாக்கா, சொல்லு! மூணாவது மதகா?"

"வடக்கே மேற்படி ஏரி நான்காம் மதகு வாய்க்கால்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"நாலா?" என்றாள் ஸ்வாதி.

"நாலு" என்றேன்.

"அய்ய, மூணுக்கே இவ்ளோ ரகள" என்றான் லட்சுமணன்.

அப்படி ஒரு சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். ஸ்வாதி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நூறில் ஒரு மில்லிமீட்டர் தப்பக் கூடாதென்கிற மனிதர், முழுசாக ஒரு மதகைத் தப்பவிட்டிருக்கிறார்! கூடவே, அவர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரிந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "நாலு மேரி, நாலு!" என்று வீடு முழுக்க நடந்திருப்பார்.

சிரிப்பு அடங்கியதும் ஸ்வாதி சன்னல் வழியாகக் கீழே தன் முக்கோணப் பார்க்கிங்கைப் பார்த்தாள். "அப்போ வாய்க்கால் கரைமேலதான் கார் நிறுத்தறோம். இந்தப் பத்திரத்த நெட்ல போட்டா ஆக்கிரமிப்புன்னு பிரச்சன வரும், அசோசியேஷன் நடேசன் சார் என்னை உயிரோட விடமாட்டார்."

"வேற ஊர்ல பேர் இருக்கு, பாத்தியா? அகரமேடு. நாங்க நூம்பல் பக்கத்துலயே தேடிகினு இருந்தோம். தண்ணி எந்த ஊருக்குப் பாயுதோ அந்த ஊரு பேர்ல ஏரிய எழுதியிருப்பாங்க. அச்சுல கெடச்சா உன் பத்திரம் தேவையே இல்ல."

"கெடைக்கலன்னா?"

பத்திரத்தை மடித்து அவள் கையில் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் பெயருக்காக இன்னொருத்தி வீட்டை இழுப்பதற்கு எனக்கு என்ன உரிமை?

"கெடைக்கலன்னா போடறேன் ஆன்ட்டி. அஞ்சே முக்காலுக்கு நானே போடறேன்."

மணி ஒன்றரை. ஆசிக்குக்கு எழுதினோம்: அகரமேடு கிராமத்தின் கீழ் தேடவும். அவர் ஊர் வாணியம்பாடி. பழைய அரசுப் புத்தகங்களின் ஸ்கேன் பிரதிகளைச் சேர்த்து வைத்திருக்கிறவர். "பார்க்கிறேன்" என்று ஒரு சொல் வந்தது. அதோடு சரி. இரண்டு மணி. மூன்று மணி. ஸ்வாதி லெமன் சாதம் போட்டுக்கொடுத்தாள். லட்சுமணன் மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டான். நிமிடத்துக்கு ஒரு முறை பக்கத்தைப் புதுப்பித்தோம். கிரிக்கெட் கடைசி ஓவர்கூட இப்படி இருக்காது. நாலு மணிக்கு "1931 பட்டியலில் இல்லை". நாலேமுக்காலுக்கு "அகரமேடு என்று இரண்டு ஊர் இருக்கிறது, பொறுங்கள்". ஐந்து இருபதுக்கு ஸ்வாதி பத்திரத்தை ஸ்கேனர்மேல் வைத்துவிட்டு, மூடியை மூடாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஐந்து முப்பத்தொன்றுக்குப் படம் ஒன்று வந்தது. மாவட்டப் பாசன ஏரிகள் பட்டியல், 1957, பக்கம் எண்பத்தெட்டு. மஞ்சள் தாள், நெருக்கமான எழுத்து. அகரமேடு என்ற தலைப்புக்குக் கீழே ஏழாவது வரி: ஈச்சந்தாங்கல். அதே வரியில் வலது ஓரத்தில், மதகு என்ற கட்டத்தில், 4.

"அடிச்சான் பாரு!" என்று லட்சுமணன் மேசையைத் தட்டினான். ஸ்வாதி ஸ்கேனரிலிருந்து பத்திரத்தை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

"நீங்களே எழுதுங்க ஆன்ட்டி."

என் புதுக் கணக்கில் உள்ளே போனேன். அவள் எனக்குப் பழக்கமான டைப்ரைட்டர் விசைமுறையை வைத்துக்கொடுத்தாள். கட்டுரை திறந்தது. "மூன்று மதகுகள்" என்று அவர் எழுதியது அங்கே இருந்தது. மூன்று என்ற சொல்லின் பின்னால் கர்சர் மினுக்கியது. அவர் எழுதியதை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ஒரு முறையும் என் கையால் அழித்ததில்லை. மூன்றே எழுத்துத்தான். ஒவ்வொன்றாக அழித்தேன். பிறகு அடித்தேன்: "இந்தத் தாங்கலுக்கு நான்கு மதகுகள் இருந்ததாக 1957ஆம் ஆண்டின் பாசன ஏரிகள் பட்டியல் குறிப்பிடுகிறது. இன்று வெளியே தெரிபவை இரண்டு." கீழே சான்று, பக்க எண்ணோடு.

சேமித்தபோது மணி ஐந்து நாற்பத்தாறு.

ஸ்வாதி உரையாடல் பக்கத்துக்குப் போய்த் தன் பழைய வாக்கியத்தின்மேல் கோடு போட்டாள். 'கட்டுக்கதை'யின் குறுக்கே கோடு போவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதற்கடுத்த வரியின்மேலும், 'ஒதுங்கிவிட்டார்' என்பதன்மேலும் போட்டாள். மண்டை பற்றிய பதிலில் கையை வைத்தாள்.

"அத விடு. அது சரியாத்தான் எழுதியிருக்க" என்றேன்.

ஆறு மணிக்கு ஆசிக் முடிவை எழுதினார்: "கலந்துரையாடல் நிறைவு. இரு தரப்பும் தவறு. கட்டுரை சரி. டூல்ரூம்சாமியின் மற்ற கட்டுரைகளுக்குப் பட்டை தேவையில்லை. நன்றி."

கீழே இறங்கும்போது லிஃப்டில் ஸ்வாதி கேட்டாள்: "ஆன்ட்டி, அங்கிள் தலை மாட்டினது மூணாவதுலயா, நாலாவதுலயா?"

"அதுக்குச் சான்று இல்லம்மா."

இது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கட்டுரையை இப்போது பார்த்தால் அவருக்கே அடையாளம் தெரியாது. ஸ்வாதி வரைபடம் சேர்த்தாள். அகரமேடு என்ற தலைப்பில் நான் தனிப் பகுதி எழுதினேன். யாரோ ஒருவர் பத்திகளை மாற்றி அடுக்கினார், இன்னொருவர் படத்தை மாற்றினார், பரப்பளவு இரண்டு முறை திருத்தப்பட்டது. கட்டுரை தொடங்கிய அன்று அவர் எழுதினதில் ஏரிப் பறவைகளைப் பற்றிய ஒரே ஒரு வாக்கியம்தான் யார் கையும் படாமல் இருக்கிறது. கடைசிக்கு முந்தின பத்தியில், தனியாக:

"இங்கே முக்குளிப்பான்கள் உண்டு."